ஸ்டீரியோ ஃபேஸர்: மேடைக்கு முன் மோனோவில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில், கிட்டார் ஒலியை மாற்றக் காலடியில் வைக்கும் எஃபெக்ட் பெடல்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். தமிழில் இதையெல்லாம் எழுத ஆள் கிடைப்பதே அரிது என்பதால் மகிழ்ச்சிதான். ஆனால் ஒலியைச் சுழல்வதுபோல ஆட்டும், இடது வலது என இரண்டு அவுட் உள்ள ஸ்டீரியோ ஃபேஸர் பற்றிய பத்தியில் இருந்த இரண்டு வரிகளை அப்படியே விட்டுவிட முடியவில்லை. இரண்டு அவுட்டிலிருந்தும் மிக்ஸருக்கு இரண்டு கேபிள் போட்டால் வேலை முடிந்தது என்கிறது ஒன்று. எந்த 9 வோல்ட் அடாப்டரும் பொருந்தும் என்கிறது மற்றொன்று. முதல் வரியை நம்பினால் மேடையில் எஃபெக்டே கேட்காமல் போகலாம். இரண்டாவதை நம்பினால் பெடலே போய்விடும்.

ஃபேஸருக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. கிட்டார் சிக்னல் உள்ளே இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு மாறாமல் நேராகப் போகிறது. மற்றது சில அடுக்குகளைக் கடந்து வருகிறது. அந்த அடுக்குகள் ஒலியின் அளவைத் தொடுவதில்லை, அலையின் கட்டத்தை, அதாவது அது ஏறி இறங்கும் நேரத்தை மட்டும் திருப்புகின்றன. கடைசியில் இரண்டும் சேரும் இடத்தில், எந்த அதிர்வெண்ணில் ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகிறதோ அங்கே சத்தம் அடிபட்டுப் பள்ளம் விழுகிறது. பெடலுக்குள் மெதுவாக ஆடும் ஓர் அலை, அதாவது எல்எஃப்ஓ, அந்தப் பள்ளங்களை மேலும் கீழும் நகர்த்துகிறது. நாம் கேட்கும் சுழற்சி அந்த நகர்வுதான்.

இரண்டு அடுக்குக்கு ஒரு பள்ளம், நான்கு அடுக்குக்கு இரண்டு, ஆறு அடுக்குக்கு மூன்று. 1974-இல் வந்த எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90 நான்கு அடுக்குப் பெடல். அதற்கு முன் ஜப்பானின் ஷின்-எய் நிறுவனம் செய்த யூனி-வைபிலும் நான்கு அடுக்குகள்தான். நடுவே ஒரு சிறு பல்பும் சுற்றிலும் ஒளி உணரிகளுமாக அது வேலை செய்தது. 1969-இல் அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசை விழா மேடையில் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வைத்திருந்தது அதைத்தான். ஒரே மாதிரியான நான்கு அடுக்குகள், அவற்றின் மைய அதிர்வெண் அந்தக் கணத்தில் 500 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், ஒரு பள்ளம் 207 ஹெர்ட்ஸிலும் இன்னொன்று 1207 ஹெர்ட்ஸிலும் விழும். மையம் நகர நகர இரண்டும் சேர்ந்தே நகரும், ஆனால் இடைவெளியின் விகிதம் மாறாது.

இனி ஸ்டீரியோ. பெட்டியின் மேல் ஸ்டீரியோ என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. மூன்று வகை உண்டு, கடைக்காரர் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

முதல் வகையில் இடது அவுட்டில் நேர் சிக்னலோடு திருப்பிய சிக்னலைக் கூட்டுகிறார்கள். வலது அவுட்டில் நேர் சிக்னலிலிருந்து அதையே கழிக்கிறார்கள். இடதில் பள்ளம் விழும் இடத்தில் வலதில் மேடு வரும். ஹெட்ஃபோனில் கேட்டால் தலையைச் சுற்றிக் காற்று ஓடுவதுபோல அருமையாக இருக்கும். இப்போது இடதையும் வலதையும் கூட்டிப் பாருங்கள். கூட்டியதும் கழித்ததும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிச்சம் இரண்டு மடங்கு நேர் சிக்னல் மட்டுமே. எஃபெக்ட் முழுக்கக் காணாமல் போய்விடும். காலடியில் எல்இடி எரியும், பெடல் வேலை செய்யும், அரங்கில் வெறும் கிட்டார் கேட்கும்.

இரண்டாவது வகையில் ஒரு அவுட்டில் நேர் சிக்னல், மற்றதில் திருப்பிய சிக்னல். தனித்தனியாகக் கேட்டால் இரண்டிலும் ஃபேஸர் இருக்காது. இரண்டும் காற்றில் கலக்கும்போதுதான் பள்ளம் உருவாகும். மோனோவாக, அதாவது ஒரே சேனலாகக் கூட்டினால் சரியான ஃபேஸர் கிடைக்கும். ஆனால் அரங்கின் ஓரத்தில், ஒரே ஸ்பீக்கருக்கு அருகில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றுமே கேட்காது. நடுவில் இருப்பவருக்கும் ஒரு சிக்கல். இரண்டு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தில் 1 மீட்டர் வித்தியாசம் இருந்தாலே ஒலி கிட்டத்தட்ட 3 மில்லி விநாடி பிந்தி வருகிறது. அந்தத் தாமதமும் சேர்ந்துகொள்வதால் பள்ளங்கள் வேண்டிய இடத்தில் விழாமல் வேறு அதிர்வெண்களுக்கு மாறிவிடும்.

மூன்றாவது வகையில் இரண்டு முழுச் சுற்றுகள் இருக்கும், இரண்டின் ஆட்டமும் கால் சுற்றோ அரைச் சுற்றோ தள்ளி ஓடும். இடது ஏறும்போது வலது இறங்கும். கூட்டினால் எஃபெக்ட் சற்று மெலியும், ஆனால் சாகாது. மேடைக்கு வாங்குவதானால் இந்த வகையை வாங்குங்கள்.

நம் ஊர் மேடைக்கு இது ஏன் முக்கியம்? கல்யாண மண்டபமோ, தேவாலயமோ, திருவிழா மேடையில் லைட் மியூசிக் கச்சேரியோ, பெரும்பாலும் ஒலி அமைப்பு மோனோதான். அதைக் குறை என்று சொல்ல மாட்டோம். நீள அரங்கில் இரு பக்கமும் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பாட்டு ஒரே மாதிரி கேட்க வேண்டும் என்றால் மோனோதான் சரி. ஆனால் முதல் வகைப் பெடலை அந்த மிக்ஸரில் இரண்டு சேனலில், ஒலியை இடது வலதாகத் தள்ளும் பேன் குமிழை நடுவில் வைத்துச் செருகினால் நடப்பது மேலே சொன்ன கூட்டல்தான். ஆராதனையை நேரலையில் ஒளிபரப்பும் இடங்களிலும் இதே கதை. ஒற்றை ஸ்பீக்கர் உள்ள ஃபோனில் கேட்பவருக்கு இடதும் வலதும் கூடித்தான் போகிறது.

எனவே மேடைக்குப் போகுமுன் உங்கள் பெடல் எந்த வகை என்று கண்டுபிடியுங்கள். ஐந்து நிமிட வேலை. ரேட் (சுழற்சியின் வேகம்) குமிழை மிகக் குறைவிலும், டெப்த்தை (ஆட்டத்தின் அளவு) பாதியிலும், ஃபீட்பேக்கை (வெளிவரும் ஒலியைத் திரும்ப உள்ளே விடும் அளவு) பூஜ்யத்திலும், மிக்ஸை (நேர் சிக்னலும் திருப்பிய சிக்னலும் கலக்கும் அளவு) சரிபாதியிலும் வையுங்கள். இரண்டு அவுட்டையும் மிக்ஸரில் இரண்டு சேனலுக்குக் கொடுத்து, கெயினை, அதாவது உள்ளே வரும் சிக்னலின் அளவைச் சமமாக்கி, இரண்டு பேன் குமிழையும் நடுவில் நிறுத்துங்கள். ஒரு கார்டை அடித்து நிலைக்க விட்டு, முதலில் இடது ஃபேடரை மட்டும் ஏற்றுங்கள். பிறகு வலதை மட்டும். பிறகு இரண்டையும். தனித்தனியாகச் சுழற்சி கேட்டு, சேர்த்தால் மறைந்தால் முதல் வகை. தனியாக இல்லாமல் சேர்த்தால் வந்தால் இரண்டாவது. மூன்று முறையும் கேட்டால் மூன்றாவது வகை, அல்லது இரண்டு அவுட்டிலும் ஒரே சத்தத்தைத் தரும் மோனோ பெடல்.

முதல் வகை என்று தெரிந்தால் மோனோ அரங்கில் இடது அவுட்டை மட்டும் பயன்படுத்துங்கள். சிலர் வலது சேனலில் அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பட்டனை அழுத்திச் சரிசெய்யப் பார்ப்பார்கள். அது உதவாது. அப்போது நேர் சிக்னல் அழிந்து திருப்பிய சிக்னல் மட்டும் மிஞ்சும், மெல்லிய சுருதி நடுக்கம்தான் கேட்கும், பள்ளம் வராது. பேனைப் பாதி தூரம் திருப்பி வைப்பதும் அரைகுறை வேலை. உண்மையான ஸ்டீரியோ அரங்கு என்றால் இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள், இல்லையென்றால் ஒற்றை அவுட்.

ஒற்றை அவுட் எடுக்கும்போது அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. பல பெடல்களில் இடது ஜாக்கின் மேல் 'மோனோ' என்றும் எழுதியிருக்கும். வலது ஜாக்குக்குள் சிறு தகடு ஒன்று உண்டு. அதில் கேபிள் செருகியிருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் பெடல் தன்னை மோனோவுக்கோ ஸ்டீரியோவுக்கோ மாற்றிக்கொள்கிறது. மிக்ஸர் பக்கம் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பெடல் பக்கம் செருகியபடியே விட்டால், பெடல் ஸ்டீரியோவிலேயே நிற்கும். இரண்டாவது வகைப் பெடலாக இருந்தால் அப்போது இடதில் வெறும் நேர் சிக்னல்தான் வரும். பெடல் கெட்டுவிட்டது என்று பழுதுக்குக் கொண்டுவருபவர்கள் முதலில் வலது ஜாக்கைக் காலி செய்து பார்க்க வேண்டும். கடற்கரை ஊர்களில் அந்தத் தகட்டில் உப்புக் காற்றால் பச்சை படியும். கேபிளே இல்லாதபோதும் தொடர்பு விட்டுப்போய் அதே கோளாறு வரும். காண்டாக்ட் கிளீனரை ஒருமுறை அடித்து, பின்னைப் பத்துப் பன்னிரண்டு தடவை செருகி எடுத்தால் பெரும்பாலும் தீரும்.

சில சிறிய பெடல்களில் ஒரே ஒரு அவுட் ஜாக்கில் இரண்டு பக்கமும் வரும். இடது பின்னின் நுனியிலும் வலது நடு வளையத்திலும் இருக்கும். அதற்கு ஒரு முனையில் ஸ்டீரியோ பி-38 (கால் அங்குல) பின்னும் மறுமுனையில் இரண்டு மோனோ பி-38 பின்னும் உள்ள ஒய் கேபிள் வேண்டும். சாதாரண மோனோ பின்னைச் செருகினால் வலது பக்கம் எர்த்தோடு ஒட்டிவிடும். அப்படிச் செய்யலாமா கூடாதா என்பதைப் பெடலின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேடையிலிருந்து மிக்ஸர் தூரத்தில் இருந்தால் இரண்டு டிஐ பாக்ஸ் (நீண்ட கேபிளில் இரைச்சலின்றிப் போகும்படி சிக்னலை மாற்றித் தரும் சிறு பெட்டி) வையுங்கள். பெடலிலிருந்து டிஐ வரை 3 முதல் 6 மீட்டர் கேபிள் போதும், அதற்கு மேல் மைக்குக்குப் போடும் எக்ஸ்எல்ஆர் கேபிள். இரண்டு டிஐயும் ஒரே மாடலாக இருப்பது நல்லது. ஒன்று மின்சாரம் தேவையில்லாத பாஸிவ், மற்றது மின்சாரத்தில் ஓடும் ஆக்டிவ் என்று கலந்தால் அளவும் தொனியும் மாறும், எஃபெக்ட் ஒரு பக்கம் சாயும்.

மிக்ஸர் இல்லாமல் இரண்டு ஆம்ப் வைத்து வாசிப்பவர்களுக்கு ஹம், அதாவது விடாத ரீங்கார இரைச்சல், பெரிய தலைவலி. இரண்டு ஆம்பும் தங்கள் பவர் கார்டு வழியாக எர்த்தோடு இணைந்திருக்கின்றன. பெடலின் இரண்டு கேபிளின் வெளி உறையும் அவற்றை இன்னொரு தடவை இணைக்கிறது. அந்த வளையத்தில் ஓடும் சிறு மின்சாரம்தான் நாம் கேட்கும் இரைச்சல். முதலில் இரண்டு ஆம்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். பந்தலில் வெவ்வேறு முனையிலிருந்து, வெவ்வேறு ஃபேஸிலிருந்து கரண்ட் எடுக்க வேண்டாம். அப்படியும் போகவில்லை என்றால் ஒரு பக்கக் கேபிளில் 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஐசொலேட்டரைப் போடுங்கள். பவர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டியோ, டேப் ஒட்டியோ ஹம்மை நிறுத்துபவர்களை இன்னும் பார்க்கிறோம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு கை கிட்டார் கம்பியிலும், வாய் மைக்கிலும் இருக்கும்போது ஆம்புக்குள் ஒரு ஒயர் பாடியில் பட்டால் மின்சாரம் வாசிப்பவரின் உடல் வழியாகத்தான் போகும்.

இரண்டு ஆம்ப் வெவ்வேறு கம்பெனி என்றால் போலாரிட்டியையும் சோதியுங்கள். பெடலை ஆஃப் செய்துவிட்டு, 82 ஹெர்ட்ஸ் ஒலிக்கும் தடித்த ஆறாவது கம்பியைத் திறந்து அடியுங்கள். இரண்டு ஆம்பும் ஓடும்போது நடுவில் நின்று கேளுங்கள். ஒன்றை நிறுத்தியதும் அடித்தொனி கூடினால், இரண்டும் எதிரெதிராகத் தள்ளுகின்றன என்று பொருள். ஸ்பீக்கர் முனையைத் தனியாகக் கழற்ற முடிகிற ஆம்பில் ஒன்றின் ப்ளஸ், மைனஸை மாற்றுங்கள். வால்வ் ஆம்ப் என்றால் தெரிந்தவரிடம் விடுங்கள், அணைத்த பிறகும் உள்ளே உயர் வோல்டேஜ் தங்கியிருக்கும். ஒரே பெட்டிக்குள் இரண்டு 60 வாட் ஆம்பும் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கரும் உள்ள ரோலண்ட் ஜேசி-120 போன்றவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

பெடல் வரிசையில் ஸ்டீரியோ ஃபேஸர் எங்கே வர வேண்டும் என்பதற்கு ஒரே விதிதான்: அதற்குப் பின்னால் மோனோ பெடல் எதுவும் வரக்கூடாது. ட்யூனர், கம்ப்ரஸர், ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ், பிறகு ஃபேஸர், அதற்குப் பின் ஸ்டீரியோ டிலே, ஸ்டீரியோ ரிவெர்ப். நடுவில் ஒரே ஒரு மோனோ டிலே நுழைந்தாலும் வலது பக்கம் அங்கேயே முடிந்துவிடும். ஃபேஸரை மோனோவாகப் பயன்படுத்தினால், ஓவர்டிரைவுக்கு முன் வைக்கும் பழக்கமும் நல்லதுதான். ராக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன் ஃபேஸ் 90-ஐ ஆம்புக்கு முன்னால் வைத்துத்தான் அந்த மென்மையான அசைவை எடுத்தார். ஓவர்டிரைவுக்குப் பின் வைத்தால் சத்தத்தில் மேல் அதிர்வுகள் நிறைய இருப்பதால் பள்ளம் இன்னும் அழுத்தமாகக் கேட்கும், சில சமயம் ஜெட் விமானம் போல.

குமிழ்களைப் பற்றிச் சுருக்கமாக. மிக்ஸ் சரிபாதியில் பள்ளம் ஆழமாக இருக்கும். முழுக்கத் திருப்பிய பக்கம் போனால் பள்ளமே இருக்காது, சுருதி நடுங்கும் வைப்ரேட்டோ ஆகிவிடும். ஃபீட்பேக்கைக் கூட்டினால் பள்ளங்களுக்கு இடையிலுள்ள மேடுகள் கூர்மையாகும், அந்த அதிர்வெண்களில் அளவும் ஏறும். பெடலை ஆஃபில் வைத்து கெயின் அமைத்துவிட்டு, பிறகு ஃபீட்பேக்கோடு வாசித்தால் மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரியும். ஆன் செய்து, கெட்டியாக அடித்துத்தான் கெயின் வையுங்கள். ஒற்றை ஒற்றையாகக் கம்பிகளைப் பிரித்து வாசிக்க ரேட் 0.2 முதல் 0.4 ஹெர்ட்ஸ், டெப்த் முக்கால், ஃபீட்பேக் கால் வரை. ரிதம் வெட்டுக்கு 1 ஹெர்ட்ஸ் அளவில், டெப்த் பாதிக்கும் குறைவு. சுழலும் ஸ்பீக்கர் போல வேண்டுமானால் 6 முதல் 7 ஹெர்ட்ஸ், டெப்த் மிகக் குறைவு.

பல பெடல்களில் ரேட் குமிழைச் சுற்றி எண் இருக்காது. ஃபோனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, சத்தம் ஒருமுறை ஏறி இறங்குவதை ஒன்று என்று எண்ணி, பத்து சுழற்சிக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 96 தட்டு என்றால் ஒரு தட்டு 0.625 விநாடி, நான்கு தட்டு 2.5 விநாடி. பத்து சுழற்சி 25 விநாடியில் முடியும் இடத்தில் குமிழின் ஓரம் வெள்ளை பெயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். ஒவ்வொரு நான்கு தட்டுக்கும் ஒரு சுழற்சி சரியாகப் பொருந்தும். 120 தட்டுப் பாட்டுக்கு அதே கணக்கில் பத்து சுழற்சி 20 விநாடி.

இனி அடாப்டர். பெரும்பாலான பெடல்களுக்கு வேண்டியது 9 வோல்ட் டிசி, நடு முனை மைனஸ். வீட்டில் கிடக்கும் வைஃபை ரவுட்டர், சிசிடிவி கேமரா அடாப்டர்களும், பல கீபோர்டு அடாப்டர்களும் பெரும்பாலும் 12 வோல்ட், நடு முனை ப்ளஸ். பின்னின் அளவு பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் சிரமமின்றி உள்ளே போய்விடும். வோல்ட் 9 என்றே இருந்தாலும் முனை மாறியிருக்கலாம். மல்டிமீட்டரின் சிவப்பு முனையை அடாப்டர் பின்னின் துளைக்குள்ளும், கறுப்பை வெளி உலோகத்திலும் வையுங்கள். மைனஸ் 9 என்று காட்டினால் செருகலாம். ப்ளஸ் என்று காட்டினால் வேண்டாம். தலைகீழாகச் செருகினால் பல பெடல்களில் நுழைவிலுள்ள காப்பு டையோடு முதலில் எரிந்து ஷார்ட் ஆகும். அது சில ரூபாய் பாகம்தான், மாற்றினால் பெடல் பிழைக்கலாம். டையோடு இல்லாத பெடலில் ஐசியே போகும். வோல்ட்டேஜைப் பெருக்கிக்கொள்ளும் ஐசி உள்ள சில பெடல்கள் 10.5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் எலிமினேட்டர்களையும் தவிர்த்துவிடுங்கள். 9 என்று எழுதியிருந்தாலும் சுமை இல்லாதபோது 12, 13 வோல்ட் காட்டும், 100 ஹெர்ட்ஸ் இரைச்சலும் கூடவே வரும். பல அனலாக் ஃபேஸர்களுக்கு 10 மில்லி ஆம்பியர் கூடத் தேவைப்படாது, டிஜிட்டல் பெடலுக்குப் பெரும்பாலும் 100 முதல் 300 வரை வேண்டும். இரண்டையும் ஒரே கிளைக் கேபிளில் தொங்கவிட்டால் டிஜிட்டலின் கீச்சொலி அனலாகில் ஏறும், ஃபேஸரின் ஒவ்வொரு சுழற்சிக்கும் மெல்லிய டிக் ஒலி மற்றதில் கேட்கும். தனித்தனி அவுட் உள்ள பவர் சப்ளைதான் தீர்வு.

கடைசியாக, அனலாக் பெடலில் சுழற்சி ஒரு பக்கமே ஓடி, மறுபக்கம் நின்றுவிட்டால் உள்ளே ஒரே ஒரு ப்ரீசெட் (ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் சிறு குமிழ்) இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு டிரான்சிஸ்டர்களின் பயாஸை, அதாவது அவை இயங்கத் தேவையான நிலை வோல்டேஜை அதுதான் அமைக்கிறது. தொடும் முன் அதன் தற்போதைய நிலையை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். ரேட்டை நடுவில் வைத்து, கார்டை நிலைக்க விட்டு, சிறு ஸ்க்ரூடிரைவரால் ஒரு ஓரத்திலிருந்து மெதுவாகத் திருப்புங்கள். சுழற்சி தோன்றும் இடமும் மறையும் இடமும் தெரியும், அவற்றுக்கு நடுவே ஏற்றமும் இறக்கமும் சமமாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். எங்கே திருப்பினாலும் சமம் வரவில்லை என்றால் ஒரு டிரான்சிஸ்டர் மற்ற மூன்றோடு பொருந்தாமல் இருக்கலாம். ஒன்றை மட்டும் மாற்றினால் சரியாகாது, அளந்து பொருத்திய நான்கையும் மாற்ற வேண்டும்.

ஆசிரியருக்கு எங்கள் வேண்டுகோள்: அடாப்டர் பற்றிய அந்த ஒரு வரிக்காவது, அடுத்த ஞாயிறு இணைப்பில், முனையின் படத்தோடு திருத்தம் போடுங்கள். நடுப்புள்ளியோடு மைனஸ் இணைந்திருக்கும் அந்தச் சிறு குறியீடு பெடலின் பின்புறத்திலும் அடாப்டரின் லேபிளிலும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே செருகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெடல் பழுதுபார்ப்பவர் ஒருவரும் மேடை ஒலி அமைப்பாளர் ஒருவரும்,
திருச்சி.